ஹாலுக்குள் வந்தது ஒன்று, பால்கனியில் சாப்பிடுவது வேறொன்று

கேள்வி:

நாங்கள் நவி மும்பையில் நெருள் மேற்கில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். செம்பூரில் வாடகைக்கு இருந்தவரை இந்தத் தொந்தரவு தெரியாது. இங்கே சொந்த வீடு வாங்கி வந்த பிறகுதான் வௌவால் பிரச்சினை. போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது, இந்த வருஷம் மழை தொடங்கியதும் மறுபடி வந்துவிட்டது.

தினமும் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் தரையில் கொட்டையும் சக்கையும் கிடக்கிறது. பாதி தின்ற பாதாம் பழம், நெட்டிலிங்கப் பழத்தின் கொட்டை, மென்று துப்பிய நார் உருண்டை எல்லாம் இருக்கும். சுவரில் பழுப்பாகத் தெறித்த கறை, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. புறாவுக்காகப் போட்ட வலை மேல் மூலையில் விட்டுப்போயிருக்கிறது. இது போதாதென்று, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடிப் பட்டையில் கறுப்பாக அரிசி அளவில் எச்சம் விழுகிறது. அது பல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஹாலுக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அது எங்கள் தலைக்கு நேரே பாய்ந்து பாய்ந்து வருகிறது. நான் பெட்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமியார் சோபாவிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அது திரைச்சீலையில் போய் ஒட்டிக்கொண்டது. என் மகன்தான் டவலைப் போட்டுப் பிடித்து பால்கனி வழியாக விட்டான். வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் ஆகாது, ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொசைட்டி செக்ரெட்டரியோ ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாத்ரூம் குழாய்கள் போகிற டக்ட் முழுக்க மருந்து அடித்துப் புகை போட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் காலியாகிவிடும் என்கிறார் அவர்.

பால்கனிக்கு வருகிற வௌவால்தான் வீட்டுக்குள்ளும் வருகிறதா? இதை நிரந்தரமாக நிறுத்த என்ன வழி? மருந்து அடிக்கலாமா? நிபா காய்ச்சல் என்று கேரளாச் செய்திகளில் பார்ப்பதால் பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று, பிடிக்கும்போது மகனின் ஆள்காட்டி விரலில் லேசாக ஒரு கீறல். பல்லா நகமா தெரியவில்லை. ரத்தம் பெரிதாக வரவில்லை, டெட்டால் போட்டோம், ஆறிவிட்டது.

(வாசகி, நெருள்)

பதில்:

அம்மா, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் மகனை அழைத்துக்கொண்டு மாநகராட்சி மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். போய், 'கையில் ஏதோ கீறிவிட்டது' என்று பொதுவாகச் சொல்லாமல், 'வௌவாலைக் கையால் பிடித்தான், விரலில் கீறல் பட்டது, இத்தனை நாள் ஆகிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் விலங்கியல்காரன், மருத்துவன் கிடையாது. ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவு டாக்டருடையது. ஆனால் அவர் முன்னால் இந்த விவரம் முழுசாக இருக்க வேண்டும்.

காரணம் ரேபிஸ். இந்தியாவில் ரேபிஸ் என்றால் ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடியால் வருவதுதான். வௌவாலிடமிருந்து மனிதருக்கு வந்ததாக இங்கே உறுதிப்பட நிரூபிக்கப்பட்டதில்லை. அதனால் சில டாக்டர்கள் தேவையில்லை என்று சொல்லவும் கூடும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வௌவாலோடு நேரடியாகப் பட்ட தொடர்பை மூன்றாவது வகையில், அதாவது ஆழமான நாய்க்கடி இருக்கிற அதே வகையில் வைத்திருக்கிறது. நம் பக்கத்திலும் தடயம் இல்லாமல் இல்லை. நாகாலாந்து வௌவால்களின் ரத்தத்தில் ரேபிஸ் குடும்பத்து வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்ததாக 2017-இல் ஆய்வு வெளியானது. அதற்கு முன்பே இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் உள்ள கன்னொறுவையில், பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த புது வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால், ஊசிக்குச் சாதகமாகவே நான் பேசுவேன்.

நாள் கடந்துவிட்டதே, இனிப் போய் என்ன என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்லத்தான் மூளைக்கு ஏறும். அறிகுறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்கு முன் தடுப்பூசி தொடங்கினால் பலன் உண்டு, சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதுதான் விஷயம். கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கு வௌவாலுக்குச் செல்லாது. இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால் டெட்டாலைத் தேடுவதற்கு முன் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். சின்ன வௌவாலின் பல் ஊசி முனை மாதிரி இருக்கும், பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தூங்குகிற குழந்தையின் அறையில் காலையில் வௌவால் கிடந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பால்கனிக்கு வருவதும் ஹாலுக்குள் வந்ததும் ஒன்றில்லை. உங்கள் கட்டடத்தில் இரண்டு வகை வௌவால் நடமாடுகிறது. எப்படித் தெரியும் என்றால், கீழே விழுவதை வைத்துத்தான்.

பாத்ரூம் ஜன்னலில் விழுகிற அந்தக் கறுப்பு எச்சத்தை ஒரு காகிதத்தில் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள். நுனியில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை இருந்தால் பல்லி. கெட்டியாக, நசுங்காமல் இருந்தால் சுண்டெலி. தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுமினுத்தால் அது பூச்சி தின்னும் வௌவால். நம் ஊரில் துரிஞ்சில் என்பார்களே, அந்தக் குட்டி இனம். ஏழெட்டு கிராம் கூடத் தேறாது, மடித்துக்கொண்டால் கட்டைவிரல் அளவுதான். இவை டக்டில் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, பழைய ஏசி பைப் போன ஓட்டையில், பலகை இடுக்கில் என்று எங்கேயாவது பகலில் ஒடுங்கியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் சந்து போதும். விளக்கடியில் மொய்க்கும் பூச்சியைத் துரத்திக்கொண்டோ, பறக்கப் பழகுகிற குட்டி வழி தவறியோ உங்கள் ஹாலுக்குள் வந்தது இதுதான். திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டதும், உங்கள் மகனின் டவலுக்குள் அடங்கியதும் அதைத்தான் காட்டுகிறது.

பால்கனியில் இருப்பது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். ஐம்பது கிராம் வரை எடை, இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒரு முழம். நாய்க்குட்டி முகம், பெரிய கண். இது பழ மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாது. ஆந்தைக்கும் பாம்புக்கும் பயந்து, பழத்தை வாயில் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் பறந்து போய், தலைகீழாகத் தொங்கியபடி சாவகாசமாகத் தின்னும். சாற்றை உறிஞ்சி நாரை உருண்டையாகத் துப்பும், கொட்டையைக் கீழே போடும். உங்கள் பால்கனி இதற்குச் சாப்பாட்டுக் கூடம். அங்கே அது குடியிருக்கவில்லை, ராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. பகலில் தூங்குவது வேறெங்கோ. நெருளில் காம்பவுண்டுச் சுவரோரமெல்லாம் நெட்டிலிங்கமும் பாதாமும் வரிசையாக நட்டிருக்கிறார்கள். மழை தொடங்கும்போது நெட்டிலிங்கம் பழுக்கிறது. மழைக்காலத்தில் ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த இனத்தின் ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்தில் இலைக்காம்புகளையும் சிறு கிளைகளையும் கடித்துக் கடித்து, கூடாரம் போல ஒரு குடில் கட்டுகிறது. கட்டுவது தனி ஆண்தான், பிறகு பெண்கள் வந்து சேரும். இந்தக் கட்டுமான வேலையை நுணுக்கமாகப் பார்த்து 1995-இல் எழுதியவர்களில் இருவர் பாளையங்கோட்டைக்காரர்கள், தூய யோவான் கல்லூரியைச் சேர்ந்த பாலசிங்கும் கோயில்ராஜும். உங்கள் காம்பவுண்டு மரத்தின் நடுக்கொப்புகளை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். குடை கவிழ்த்தது போல இலை மடிந்து தொங்கினால் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார்.

வௌவாலை இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே சறுக்கலான வேலை என்பதற்கு மும்பையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1948-இல், இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதற்கு உங்கள் பால்கனிக்காரரின் பெயர்ச்சீட்டை எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா எடுத்துப் பார்த்தபோதுதான் இது வேறு இனம் மட்டுமில்லை, வேறு பேரினமே என்று தெரிந்தது. 1972-இல் அதற்கு சாலிம் அலியின் பெயரை வைத்தார். இன்று உலகிலேயே அரிய வௌவால்களில் அதுவும் ஒன்று. ஆகவே நீங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வௌவால் என்றால் இரண்டு வைத்தியம். பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் சொன்னபோதே அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று ஆகிவிட்டது.

ஹாலுக்குள் மறுபடி வந்தால் என்ன செய்வது? முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. கூச்சல், துடைப்பம், டவல் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஸ்விட்ச். வீட்டுக்குள் வந்த வௌவால் செத்துப்போவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஓடுகிற ஃபேன். அடிபட்டு இறக்கை முறிந்து கீழே விழுந்த வௌவாலைத்தான் மனிதர்கள் கையால் எடுக்கிறார்கள், வலியில் அது கடிக்கிறது. ஃபேன் நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அடுத்து மற்ற அறைகளின் கதவைச் சாத்துங்கள். ஹால் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் முழுக்கத் திறந்து, கொசு வலைக் கதவையும் ஒதுக்கிவிட்டு, உள் விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டில் அது எதிலாவது முட்டிக்கொள்ளுமோ என்ற கவலை வேண்டாம். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் அது வழி பார்க்கிறது. பெரும்பாலும் பத்து பதினைந்து நிமிஷத்துக்குள் திறந்த பக்கத்தைக் கண்டுபிடித்துப் போய்விடும்.

தலைக்கு நேரே பாய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களைக் குறிவைக்கவில்லை. அடைத்த அறையில் சுற்றும்போது வௌவால் நடுவில் தாழ்ந்து வேகம் எடுக்கும், சுவரை நெருங்கும்போது மேலே எழும்பித் திரும்பும். ஹால் நடுவில் நிற்கிறவரின் தலை, அது தாழ்கிற இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். சுவரோடு ஒட்டி நில்லுங்கள், உங்களுக்கு மேலே போய்விடும். உங்கள் மாமியார் அசையாமல் சோபாவில் உட்கார்ந்தது, வீட்டில் அன்றைக்கு எல்லோரும் செய்ததில் புத்திசாலித்தனமான காரியம்.

போகாமல் திரைச்சீலையிலோ போட்டோ ஃபிரேமுக்குப் பின்னாலோ ஒட்டிக்கொண்டால், கையோ டவலோ வேண்டாம். டவலில் நகம் சிக்கும், மெல்லிய இறக்கை எலும்பு முறியும், துணி வழியே பல்லும் இறங்கும். தடிமனான தோல் கையுறை போட்டுக்கொண்டு, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு அட்டையை மெதுவாக நுழைத்து மூடுங்கள். பால்கனியில் தரையில் வைக்காமல், உயரமான இடத்தில், சொரசொரப்பான சுவரிலோ மரத்திலோ பற்றிக்கொள்ளும்படி விடுங்கள். களைத்துப்போன வௌவால் தரையிலிருந்து எழும்பச் சிரமப்படும், கீழே விட்டால் பூனைக்குத்தான் விருந்து. பகலில் கண்ணில் பட்டால் அந்த அறையைச் சாத்திவிட்டு, இருட்டும் வரை காத்திருந்து ஜன்னலைத் திறப்பது இன்னும் நல்லது. காயம்பட்டது, குட்டியை மார்பில் சுமந்துகொண்டிருப்பது, பறக்கத் தெரியாத குட்டி, இவற்றுக்கு நீங்கள் வைத்தியம் பார்க்க வேண்டாம். பால் ஊற்ற வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால் மீட்பவர்களின் உதவி கிடைக்க வழி உண்டு. மராட்டியில் கேட்டால் 'வட்வாகூள்' என்று சொல்லுங்கள், உடனே புரியும்.

இனி டக்ட். இங்கேதான் நிரந்தரத் தீர்வு இருக்கிறது, இங்கேதான் பொறுமையும் வேண்டும். துரிஞ்சிலை மருந்தடித்து விரட்டினால் அது அந்தச் சந்தை விட்டு வெளியேறும், ஆனால் வெளிப்பக்கமாகத்தான் போகும் என்று எந்த நிச்சயமும் இல்லை. உங்கள் பாத்ரூம் கண்ணாடிப் பட்டை வழியாக வீட்டுக்குள்ளும் வரும். டக்டில் அடிக்கிற எதுவும் ஏழு மாடி பாத்ரூமுக்கும் காற்றில் ஏறும் என்பதைச் செக்ரெட்டரிக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிலர் அந்துருண்டையைக் கிலோக்கணக்கில் தொங்கவிடச் சொல்வார்கள். வௌவாலை விரட்டுகிற அளவுக்கு நாப்தலீன் காற்றில் கலந்தால் அது மனிதருக்கே கெடுதல். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களையே உடைத்துவிடும். கடையில் விற்கும் அல்ட்ராசானிக் கருவிக்குக் காசு போட வேண்டாம், நம்பத் தகுந்த பலன் கிடையாது. பசை அட்டை வைப்பது கொடூரம், அதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். சூரியன் மறைகிற நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒருவர் மொட்டை மாடியில் டக்டைப் பார்த்தபடியும், ஒருவர் கீழே நின்றபடியும் அரைமணி நேரம் கவனியுங்கள். வௌவால்கள் நேரம் தவறாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் பல வருஷம் குகை வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் அடைத்து வைத்த வௌவால் கூட, கூட்டத்தின் நடமாட்டத்தை வைத்துப் புறப்படும் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981-இல் காட்டினார்கள். ஆகவே இரண்டு மூன்று சாயங்காலம் பார்த்தால் போதும், வாசல் எது என்று தெரிந்துவிடும். வாசலுக்குக் கீழே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கறையும் இருக்கும்.

அந்த வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்ற சந்துகளை சிமென்ட்டாலோ சீலன்டாலோ அடைக்க வேண்டும். வாசலின் மேல் நுண்ணிய வலைத் துண்டு ஒன்றை, மேற்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ஒட்டி, கீழ்ப்பக்கம் ஒன்றரை அடி தொங்கும்படி திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பது சுவரோடு ஊர்ந்து இறங்கி வலைக்குக் கீழே வெளியேறிவிடும். திரும்பி வரும்போது ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக வரும், வலை தடுக்கும். ஒரு வாரம் கழித்து, யாரும் வெளியே வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அந்த வாசலையும் அடைத்துவிடலாம். மருந்து ஒரு சொட்டு வேண்டாம்.

ஆனால் இதை இப்போது செய்யாதீர்கள். மழைக்காலத்தில் குட்டி இருக்கும். வௌவால் ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டி போட்டால் பெரிய விஷயம், எலி மாதிரிப் பெருகுகிற ஜீவன் இல்லை. தாய் வெளியே, குட்டி உள்ளே என்று அடைத்துவிட்டால், குட்டிகள் சுவருக்குள் செத்து நாறும். தாய்கள் வழி தேடி ஒவ்வொரு ஜன்னலிலும் மோதும், நீங்கள் பயப்படுவது அப்போதுதான் நிஜமாக நடக்கும். நவம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் வீட்டு அளவில், பாத்ரூம் கண்ணாடிப் பட்டைகளுக்குப் பின்னால் கொசு வலை அடித்த ஒரு சட்டத்தைப் பொருத்தினால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தானாக மூடிக்கொள்ளும் மூடி கிடைக்கிறது, அதையும் போடலாம். ராத்திரி ஹால் ஜன்னலைத் திறந்து வைப்பதாக இருந்தால் கொசு வலைக் கதவைச் சாத்தியே வையுங்கள். புறா வலை இதற்குப் பயன்படாது, அதன் கண் வழியாகத் துரிஞ்சில் தாராளமாக நுழையும்.

பால்கனிக்கு வைத்தியம் சுலபம். மேல் மூலையில் விட்டுப்போன வலையை இழுத்துக் கட்டினாலே பழந்தின்னி உள்ளே வர முடியாது. ஆனால் வலை விறைப்பாக, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். நம் ஊர்களில் எல்லாக் கட்டடங்களிலும் தொங்குகிற அந்த நைலான் வலை, ஓரம் விட்டுத் தொய்ந்தால் கண்ணியாக மாறிவிடுகிறது. வௌவாலும் மாட்டும், புறாவும் மாட்டும், பிறகு அதை அறுத்து எடுக்கப் போகிறவர் விரலைக் கடிக்கும். வலை சரியாகும் வரை, அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். கறைக்கு நேர் மேலே துணி உலர்த்தும் கம்பியோ, பழைய விளக்குக் கொக்கியோ, கேபிள் வயரோ இருக்கும். கொக்கியைக் கழற்றிவிடுங்கள், வயரைச் சுவரோடு ஒட்டக் கட்டுங்கள், கம்பியை ராத்திரியில் இறக்கிவிடுங்கள். கூரை சொரசொரப்பாக இருந்தால் அந்த மூலையில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் கால் பிடிக்காது. சில நாள் அந்த மூலைக்கு நேராக ஒரு விளக்கை எரியவிட்டால் பலவும் இடத்தை மாற்றிக்கொள்ளும். எல்லாம் மாற்றிக்கொள்ளும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மரத்தை வெட்டச் சொல்லிச் சொசைட்டிக்கு மனுப் போடாதீர்கள். பழக்காலம் முடிந்தால் தொந்தரவும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கறையை உலர்ந்த நிலையில் சுரண்டிப் பெருக்காதீர்கள். தூள் மூக்கில் ஏறுவது நல்லதில்லை, பழைய வௌவால் எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கக் கூடியது. முகக்கவசம் போட்டு, நீரும் சோப்பும் தெளித்து ஊறவைத்துத் துடையுங்கள். அன்றன்றே துடைத்தால் கறை தங்காது. பழச்சாயம் காய்ந்து பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டால் மேலே வேறு பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி நானறிய இல்லை.

நிபா பற்றி. பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை, ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். 2018-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் வந்தபோது மூலமாகச் சுட்டப்பட்டது பெரிய பழந்தின்னி வௌவால். மரத்தில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குமே, அது. உங்கள் பால்கனியில் இருப்பது அதன் சின்ன உறவு. மகாராஷ்டிரத்திலும், மகாபலேஷ்வர் குகை ஒன்றில் 2020 மார்ச்சில் பிடித்த வௌவால்களில் நிபாவின் தடயம் இருந்ததாகப் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தார் மறு வருஷம் எழுதினார்கள். இதிலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் சின்னது: வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை, கடித்த இடத்தை நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது என்ற பழக்கம் வேண்டாம், முழுசாகக் குப்பையில் போடுங்கள். பால்கனியில் திறந்து வைத்த தண்ணீர்ப் பாத்திரம், ஊறுகாய், வற்றல் எதுவும் ராத்திரி வேண்டாம். குழந்தைகள் அந்தச் சக்கையைத் தொட்டால் கையைச் சோப்பால் கழுவச் சொல்லுங்கள். ஒரு வௌவால் ஹாலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போனதால் நிபா வராது. கொரோனா சமயத்தில் வௌவால் என்றாலே அடித்துக் கொன்ற கூத்து நடந்தது, அது யாரையும் காப்பாற்றவில்லை.

கொல்வதைப் பற்றிச் சட்டமும் மாறிவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தார்கள், யாரும் கொல்லலாம். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்ததும் அந்தப் பட்டியல் பழைய வடிவில் இல்லாமல் போனது. பெரிய பழந்தின்னி இப்போது பாதுகாக்கப்பட்ட இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் தனி. செக்ரெட்டரி தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள், மருந்துக் கொட்டேஷன் மேஜைக்குள் போய்விடும்.

இன்னொரு பக்கமும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போன்றவர்கள் அடிக்கடி மிகைப்படுத்துகிறோம். ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஆய்வுக்கூட அறைக்குள் கொசுக்களை விட்டுச் செய்த அமெரிக்கச் சோதனையைப் பெருக்கிச் சொன்ன கணக்கு. உங்கள் டக்டுத் துரிஞ்சில் கொசுவும் தின்னும், அந்துப்பூச்சியும் வண்டும் தின்னும், அதனால் நெருளில் டெங்கு ஒழிந்துவிடாது. அதை விட்டுவைக்க அவ்வளவு பெரிய காரணம் தேவையுமில்லை.

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்தச் சகுனமும் இல்லை என்று நான் சொல்லி அவர் ஏற்கப்போவதில்லை, வயதில் பெரியவர்களோடு அதற்காக மல்லுக்கட்டவும் வேண்டாம். நெருளிலேயே குன்றின் மேல் பாலாஜி கோயில் இருக்கிறது, அழைத்துக்கொண்டு போய்வாருங்கள், மனசு நிம்மதியாகும். ஆனால் போகிற வழியில் மகனை முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போங்கள்.

சொசைட்டி மழைக்குப் பிறகு வெளிச் சுவர் ரிப்பேருக்கோ பெயின்ட்டுக்கோ ஆள் விடுவதாக இருந்தால், அந்தக் கொட்டேஷன் வாங்கும்போதே டக்டுச் சந்துகளை அடைக்கும் வேலையையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டால் சாரம் கட்டுவதற்கே இரண்டாவது தடவை காசு கேட்பார்கள்.